வேலிடிட்டி: ஏற்புடைமையா, வினாப்பொருத்தமா?

> மாணவர் களப்பணியை மதிப்பிடும்போது 'வேலிடிட்டி'க்கு 'ஏற்புடைமை' என்ற சொல் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, வணக்கம். வேலிடிட்டி என்றால், அளந்தது நாம் கேட்ட கேள்விக்குப் பதிலாகுமா என்பது. 'ஏற்புடைமை' பழகிய சொல்தான். ஆனால் ஆசிரியர் ஏற்றுக்கொண்டால் போதும் என்றுதான் மாணவர் அதைப் படிக்கிறார்கள். 'செல்லுபடி' என்றாலோ பஸ் பாஸ்தான் ஞாபகம் வரும்.

திருவொற்றியூர்க் கரையையே பாருங்கள். நீரோட்டத்தை அளக்க, தூண்டில் வளைவுகளுக்கு (கடலுக்குள் நீளும் கல் தடுப்புகள்) நடுவே 10 மீட்டர் டேப் பிடித்து, இரு முனையிலும் கம்பு நட்டு, தெர்மாகோல் துண்டை மிதக்கவிட்டு நேரம் எடுக்கிறார்கள். மூன்று தடவையும் 39, 41, 40 நொடி என்று வைத்துக்கொள்வோம். திரும்ப அளந்தாலும் ஏறக்குறைய அதே விடை, அதாவது நம்பகத்தன்மைக்குக் குறையே இல்லை. ஆனால் தெர்மாகோல் தண்ணீருக்கு மேலேயே நிற்கும்; பிற்பகல் கடற்காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். அளந்தது காற்றை, நீரோட்டத்தை அல்ல! ஆரஞ்சுப் பழமோ, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி தண்ணீர் நிரப்பிய பாட்டிலோ போட்டால் காற்றுக்குப் பிடி கிடைக்காது. வளைவின் கல்லை ஒட்டியும் அளக்கக் கூடாது, அங்கே தண்ணீர் சுழலும்.

மிதவை சரியானாலும் மாதம் இருக்கிறது. டிசம்பரில் போனால் மீனவர் சொல்லும் 'வன்னி', அதாவது வடக்கிலிருந்து வரும் ஓட்டம். தென்மேற்குப் பருவத்தில் அது திரும்பிவிடும். ஆண்டு முழுக்கக் கணக்குப் பார்த்தால் மணல் வடக்கே போவதுதான் அதிகம். துறைமுகம் அதை மறித்ததால்தான் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் தொட்டுக் கரை அரித்தது. "இங்கே கரை ஏன் அரிக்கிறது?" என்ற கேள்விக்கு டிசம்பர் மாதத்து ஒருநாள் அளவு, எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், பதில் ஆகாது. கேள்விக்கு அளவு பொருந்தவில்லை. எனவே 'வினாப்பொருத்தம்'.

---

> எனவே 'வினாப்பொருத்தம்'

பத்துப் பொருத்தத்தோடு பதினொன்றா! சொல் பிடித்திருக்கிறது அம்மா, ஆனால் கடலோரத்தை விட்டு வந்தால் இடிக்கும். காசிமேட்டில் மீன் வாங்குவோரிடம் வினாநிரல் கொடுத்தால், 'வினா' என்பதை அதிலுள்ள கேள்வி என்றே எடுத்துக்கொள்வார்கள். 'நோக்கப்பொருத்தம்' ஆகாதா?

---

நோக்கம் நழுவும் ஐயா. 'மீன் சந்தையை அறிதல்' என்று எழுதிவிட்டால் எந்தத் தரவும் பொருந்திவிடும். "வீட்டுக்கு மீன் வாங்குவோர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள்?" என்று ஒரே வரியில் கேட்டால்தான், விடியற்காலை ஏலத்தில் நிற்கும் வியாபாரிகளிடம் எடுத்த 50 தாள் தப்பு என்று தெரியும். நீங்கள் சொன்ன குழப்பத்துக்கு 'ஆய்வுவினாப் பொருத்தம்' என்று முதல் தடவை முழுதாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கலாம். மதிப்பெண் தாளில் வினாப்பொருத்தத்துக்கான கட்டத்துக்கு மேலேயே ஆய்வுவினாவை எழுத இடம் விட வேண்டும்.