'மலையும் உழைப்பும்' போட்டிக்கு அம்மாவின் படத்தை அனுப்பலாமா?

கொட்டகலைத் தம்பி:
புகைப்படப் போட்டி ஒன்றுக்கு 'மலையும் உழைப்பும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். தேர்வாகும் படங்களைக் கொழும்பில் கூட்டுக் கண்காட்சியாக வைப்பார்களாம். அம்மா கூடையோடு சிரித்தபடி தேயிலைக் கொழுந்து எடுக்கிற படம் ஒன்று என் போனில் இருக்கிறது. அனுப்பலாமா?

பழைய பிலிம்:
வேண்டாம் தம்பி. மலையகம் என்று தலைப்பு வந்தாலே பச்சை மலை, கூடை, சிரிக்கிற பெண். இல்லாவிட்டால் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில். நடுவர் எதிர்பார்ப்பதை நாமே எடுத்துக் கொடுத்துப் பழகிவிட்டோம். இது இன்றைக்குத் தொடங்கியதும் இல்லை. ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர் 1875இல் இலங்கைக்கு வந்து நம் தொழிலாளர்களைப் படம் எடுத்தார். 1879இல் இங்கேயே இறந்தார், கல்லறை பொகவந்தலாவை தேவாலயத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் அவர் எடுத்த விஞ்ஞானி டார்வினையும் கவிஞர் டெனிசனையும் பெயரோடு பார்க்கிறோம். இங்கே எடுத்தவர்களில் பெரும்பாலானோருக்குப் பெயரே இல்லை.

நானுஓயா அக்கா:
அண்ணா, அந்தக் காரணத்துக்காகவே தம்பி அனுப்ப வேண்டும். படக்குறிப்பில் அம்மாவின் பெயரை எழுதலாமே! அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதட்டும்.

தலைப்பு கையைக் கட்டிப்போடும் என்பதையும் நான் ஏற்கவில்லை. 'காத்திருப்பு' என்று ஒரு தடவை தலைப்பு வந்தது. பஸ் தரிப்பிடம், ஆஸ்பத்திரி என்று இரண்டு வாரம் அலைந்தேன், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் அந்திக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றேன். தராசு முள்ளைப் பார்த்தபடி ஆறு பெண்கள். பிறந்ததிலிருந்து பார்த்த இடம்தான், தலைப்பு இல்லாவிட்டால் அங்கே கமெராவைத் தூக்கியிருக்கவே மாட்டேன். கண்காட்சியில் அந்தப் படத்துக்கு முன்னால் தோட்டம் பக்கமே வராத ஒருவர் நின்று, முழுப்பேர், அரைப்பேர் என்றால் என்னவென்று கேட்டார். நிர்ணயித்த கிலோ வராவிட்டால் அரை நாள் சம்பளம்தான் என்று சொன்னேன். வீட்டு ஹார்ட் டிஸ்கில் கிடந்திருந்தால் யார் கேட்பார்?

பழைய பிலிம்:
உங்கள் படம் நல்ல படம் தங்கச்சி, அதில் சண்டை இல்லை. ஆனால் விதிமுறையைக் கடைசிப் பக்கம் வரை படித்தீர்களா? 'அனுப்பும் படங்களை ஏற்பாட்டாளர் எந்தத் தேவைக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்' என்ற வரிக்குக் கீழே நானும் ஒரு தடவை கையெழுத்துப் போட்டேன். பரிசு வரவில்லை. அடுத்த வருடம் என் படம் ஒரு நாட்காட்டியில் வந்தது. என் பெயரும் இல்லை, படத்தில் இருந்த பாட்டியின் பெயரும் இல்லை. பாட்டியின் மகன் வந்து, எவ்வளவு காசு வாங்கினாய் என்று கேட்டார். அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

நானுஓயா அக்கா:
அது பெரிய அநியாயம். தம்பி, அந்த வரி இருந்தால் அனுப்பாதே. கண்காட்சிக்கும் அதன் விளம்பரத்துக்கும் மட்டும் என்று இருந்தால் சரி.

அப்புறம் பிரிண்ட். 18 அங்குல அகலத்துக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, வேண்டுமென்றால் 5400 பிக்சல் தேவை. 12 மெகாபிக்சல் போன் படம் 4000தான் வரும், சுமார் 220 டிபிஐ. சுவரில் மாட்ட அது போதும். ஆனால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிச் சுருங்கின பிரதியைக் கொடுக்காதே, மூலக் கோப்பையே கொடு.

கொட்டகலைத் தம்பி:
அம்மாவிடம் கேட்டேன். "அன்றைக்கு அரைப்பேர்தான் போட்டார்கள், நீ சிரிக்கச் சொன்னதால் சிரித்தேன்" என்றார். அந்தப் படத்தை அனுப்ப மனம் வரவில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு அம்மா போகும்போது கூடவே போய் வேறு எடுக்கப்போகிறேன். பெயர் போடச் சம்மதம் என்றார், தோட்டத்தின் பெயர் மட்டும் வேண்டாமாம்.

பழைய பிலிம்:
போட்டியைப் பற்றி என் எண்ணம் மாறவில்லை. ஆனால் அம்மா சொன்னதை அப்படியே குறிப்பில் எழுதுவதானால் அந்தப் பழைய படத்தையும் தள்ளிவிடாதே தம்பி. விதிமுறைப் பக்கத்தை இங்கே போடு, அனுப்பும் முன் நானும் ஒரு தடவை படிக்கிறேன்.