அரசு கவிழ்ந்தால் பெர்மிட் போகுமா? நெதர்லாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி, ஐந்தோவனிலிருந்து: வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கென்னிஸ்மிக்ரான்ட் (திறன்மிகு வேலைக்கு வந்தவர்) பெர்மிட். ஆபீஸில் கேட்டால் "மைனாரிட்டி அரசு, எப்போது வேண்டுமானாலும் கவிழும்" என்கிறார்கள். டிவியைப் போட்டால் குடும்பத்தை அழைத்து வரக் கட்டுப்பாடு என்று ஓடுகிறது. மனைவியையும் குழந்தையையும் இப்போது அழைத்து வரலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா?

பதில்: தம்பி, டிக்கெட்டைப் போடுங்கள். டிவியில் ஓடுவது அகதிகளின் குடும்பம் பற்றியது. 2023 ஜூலையில் அப்போதைய பிரதமர் ருட்டேவின் நான்காவது அரசு விழுந்ததே அந்த விஷயத்தில்தான். வேலைக்காக வந்த உங்களுக்கு விதிமுறையே வேறு. உங்கள் மனைவி இங்கே வந்தால் தனி அனுமதி வாங்காமலே வேலைக்கும் போகலாம்.

அரசு விழுந்தாலும் இங்கே அமைச்சர்கள் உடனே வீட்டுக்குப் போவதில்லை. அடுத்த அரசு பதவியேற்கும்வரை 'டெமிஸியோனேர்' என்ற பெயரில், அதாவது காபந்து அரசாக, அதே நாற்காலியில் இருப்பார்கள். சர்ச்சையான விஷயங்களை மட்டும் நாடாளுமன்றம் ஓரங்கட்டி வைக்கும். 2021 தேர்தலுக்குப் பிறகு புது அரசு அமைய 299 நாள் ஆனது. குடியேற்றத் துறையான ஐஎன்டி பாட்டுக்குப் பெர்மிட் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது.

இப்போதைய கணக்கைப் பாருங்கள். கீழவையான ட்வேடே காமரில் 150 இடம், பெரும்பான்மைக்கு 76. மொத்த ஓட்டில் 0.67 சதவீதம் வாங்கினாலே ஓரிடம் கிடைத்துவிடும். அதனால்தான் 2025 அக்டோபர் 29 தேர்தலில் 15 கட்சிகள் உள்ளே வந்தன. பிரதமர் ராப் யெட்டனின் டே66 (D66) கட்சிக்கு 26, குடியேற்றத்தை எதிர்க்கும் கீர்ட் வில்டர்ஸின் பேஃபேஃபே (PVV) கட்சிக்கும் அதே 26. யெட்டனின் கட்சி, ஃபேஃபேடே (VVD), சேடேஆ (CDA) மூன்றும் சேர்ந்து அமைத்த அரசுக்கு 66 இடம்தான். பத்து குறைகிறது.

பத்து குறைந்தால் எப்படிப் பதவியேற்றார்கள் என்பீர்கள். நம்பிக்கை வாக்கெடுப்பில் ஜெயித்துக் காட்டு என்ற சடங்கு இங்கே கிடையாது. நம்பிக்கை இல்லை என்று பெரும்பான்மை ஓட்டுப் போடாதவரை அரசு நிற்கும். 2010-இல் ருட்டேயின் முதல் அரசும் இப்படித்தான். 52 இடத்தோடு அமர்ந்து, வில்டர்ஸின் 24-ஐ வெளியிலிருந்து ஆதரவாக எழுதி வாங்கிக்கொண்டது. சரியாக 76. 2012 ஏப்ரலில் சிக்கனப் பட்ஜெட் பேச்சிலிருந்து வில்டர்ஸ் எழுந்து போனார், அரசும் போனது. யெட்டனுக்கு அப்படி நிரந்தரத் துணையும் இல்லை. ஒவ்வொரு மசோதாவுக்கும் ஓட்டுத் தேடி அலைய வேண்டும். வலதுபக்கம் யா21 (JA21) கட்சியின் 9-ஐச் சேர்த்தாலும் 75தான் வரும், இன்னும் ஒன்று வேண்டும். இடதுபக்கம் க்ரூன்லிங்க்ஸ்–பேஃபேடேஆ (GroenLinks–PvdA) கூட்டின் 20 கிடைத்தால் மசோதா கீழவையைத் தாண்டிவிடும். அப்புறம் மேலவை இருக்கிறது, அங்கேயும் பெரும்பான்மை இல்லை. இப்படிப்பட்ட அரசால் தடாலடியாக எதையும் மாற்ற முடியாது. புதிதாக வந்தவர்களுக்கு இது ஒருவகையில் நல்லதே என்பது என் எண்ணம்.

நம் பாக்கெட்டில் கைவைத்தது யார் தெரியுமா? வில்டர்ஸ் இல்லை. வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் சம்பளத்தில் 30 சதவீதம் வரை வரியில்லாமல் விடும் சலுகையை 30, 20, 10 என்று படிப்படியாக வெட்டும் திருத்தத்தை 2023 இலையுதிர்காலத்தில் கொண்டுவந்தவர் அப்போது எம்.பி.யாக இருந்த பீட்டர் ஓம்ட்சிக்ட். மாணவர் கடன் வட்டியைக் குறைக்கப் பணம் தேவைப்பட்டது, கிடைத்த இடத்தில் எடுத்தார்கள். அது அவ்வளவாகத் தலைப்புச் செய்தியாகக்கூட வரவில்லை. பிறகு அந்த வெட்டை ரத்துசெய்து, 2026 முடிய 30, 2027 ஜனவரி முதல் 27 சதவீதம் என்று மாற்றியது 2024-இல் பிரதமரான டிக் ஸ்கூஃபின் அரசு. அதில் பெரிய கட்சி எது? வில்டர்ஸின் கட்சி! இனிமேல் அவர் பேட்டியைவிட, செப்டம்பர் மூன்றாம் செவ்வாயில் வரும் பட்ஜெட்டைக் கவனமாகப் பாருங்கள்.

அதே ஸ்கூஃப் அரசு, குடியுரிமைக்குக் காத்திருக்கும் காலத்தை ஐந்து வருடத்திலிருந்து பத்தாக்குவோம் என்று கூட்டணி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. எத்தனை பேர் பயந்துபோய்க் கனடாவுக்கு விண்ணப்பித்தார்கள்! 2025 ஜூனில் அகதிகள் விவகாரத்தில் வில்டர்ஸ் வெளியேறி, பதினோரு மாதத்தில் அரசு கவிழ்ந்தபோது அது சட்டமாகியிருக்கவில்லை. ஆகவே ஒரு செய்தி வந்தால் முதலில் கேளுங்கள்: இது தேர்தல் அறிக்கையா, கூட்டணி ஒப்பந்தமா, மசோதாவா? மசோதா என்றால் இரண்டு அவையும் தாண்டியதா? தாண்டி, அரசிதழில் தேதியோடு வந்த பிறகு கவலைப்படலாம். பெர்மிட்டுக்கு நிஜமான ஆபத்து வேலை போவதுதான். கென்னிஸ்மிக்ரான்ட்டுக்கு அடுத்த வேலை தேட மூன்று மாத அவகாசம். அதற்குச் சேமிப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நன்றி அண்ணா. ஆனால் குடியேற்ற எதிர்ப்பு ஊர்வலங்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நாம் டாக்ஸ் கட்டுகிறவர்கள், அகதிகள் இல்லை என்று அவர்களுக்குப் புரியுமா?

பதில்: கோபத்தின் வேர் பெரும்பாலும் வீடுதான். சுமார் 4 லட்சம் வீடு பற்றாக்குறை. அகதி முகாம் வரப்போகிறது என்றால் அந்த ஊரில் கூட்டம் கூடுகிறது. 2025 செப்டம்பர் 20 அன்று டென் ஹாக்கில் ஊர்வலம் கலவரமாகி, போலீஸ் கார் எரிந்தது, டே66 அலுவலகக் கண்ணாடிகள் உடைந்தன. அப்படி அறிவித்த நாளில் அந்தப் பக்கம் போகாதீர்கள். மற்ற நாட்களில் உங்களைத் தொடுவது தெருவில் இல்லை, வாடகைக்கு வீடு பார்க்கும்போதுதான். பெயரைப் பார்த்ததும் "வீடு போய்விட்டது" என்பார்கள். 2023 ஜூலை முதல் இதற்குத் தனிச் சட்டம் உண்டு. உங்கள் நகராட்சியில் வீட்டுக்காரர்மேல் புகார் கொடுக்க ஒரு பிரிவு கட்டாயம் இருக்கும். மெயிலை அழிக்காமல் வையுங்கள்.

டென் ஹெல்டரிலிருந்து ஓர் அக்கா: தம்பி, நான் இடையில ஒன்று சொல்லட்டா. நாங்கள் 85-இல் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தபோது தமிழருக்கென்றே ஒரு திட்டம் போட்டார்கள்: படுக்கை, குளியல், பாண். சமூக உதவிப் பணம் இல்லை, கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு. பேப்பரில் எங்களைப் பற்றி எழுதினது எல்லாம் நல்லதில்லை. நீங்கள் தேருக்கு வந்து கும்பிடுகிற பிள்ளையார் கோயிலைக் கட்டினது அந்த அகதிகள்தான். "நாங்கள் அவர்கள் இல்லை" என்று வெள்ளைக்காரனிட்ட போய்ச் சொல்லாதேங்கோ. கேட்கிறவனுக்கு இரண்டு பேரும் ஒன்றுதான்.

பதில்: அக்கா சொன்னதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஓட்டு விஷயம் மட்டும் பாக்கி. நாடாளுமன்றத்துக்கு டச்சுக் குடியுரிமை வேண்டும். நகராட்சித் தேர்தலில் ஐந்து வருடம் தொடர்ந்து சட்டப்படி இருந்தால் நமக்கும் ஓட்டு உண்டு. நீர் வாரியமான வாட்டர்ஸ்ஹாப் தேர்தலுக்கு அந்த ஐந்து வருடமும் தேவையில்லை, செல்லுபடியாகும் பெர்மிட்டும் இங்கே முகவரியும் போதும். அடுத்தது 2027 மார்ச்சில். அணை, வாய்க்கால், அதற்கான வரி எல்லாம் அவர்கள் கையில்தான். ஸ்டெம்பாஸ் என்ற ஓட்டு அழைப்பு அட்டை தபாலில் தானாக வரும். சூப்பர் மார்க்கெட் நோட்டீஸ்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.