புதுப்பிப்பு: ஏரி நீரில் கரைந்த ஆக்சிஜன் அளவு, தீர்வு கிடைத்தது

வேளச்சேரி ஏரியில் எடுக்கும் நீர், கல்லூரி ஆய்வகத்துக்கு வருவதற்குள் அதில் கரைந்த ஆக்சிஜன் அளவு மாறிவிடுகிறது, எம்.எஸ்சி. திட்டப்பணிக்கு என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "கரையிலேயே ஆக்சிஜனை நிலைநிறுத்திவிடுங்கள்" என்ற யோசனைதான்; அதாவது, வழியில் அளவு மாறாதபடி வேதிப்பொருளால் பிடித்துவைப்பது. 300 மில்லி பிஓடி பாட்டிலில் (காற்றுப் புகாமல் மூடும் கண்ணாடிப் பாட்டில்) காற்றுக் குமிழி இல்லாமல் நீரை நிரப்பி, உடனே மாங்கனீஸ் சல்பேட், அப்புறம் கார அயோடைடு-அசைடு கரைசல் சேர்த்து மூடிக் குலுக்க வேண்டும். பழுப்பு வீழ்படிவு வந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் அநேகமாக இல்லை. கழிவுநீர் கலக்கும் ஏரிகளுக்கு அசைடு அவசியம், இல்லையென்றால் நைட்ரைட் குழப்பிவிடும். ஆய்வகத்தில் கந்தக அமிலம் சேர்த்து, தயோசல்பேட்டால் தரம்பார்த்தேன் (நிறம் மறையும் வரை சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, செலவான அளவிலிருந்து ஆக்சிஜனைக் கணக்கிடுவது). இப்போது ஒரே சமயத்தில் எடுத்த இரட்டை மாதிரிகள் நன்றாக ஒத்துப்போகின்றன. ஐஸ் பெட்டி மட்டும் போதவில்லை; குளிரில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் நுண்ணுயிர்கள் மெதுவாகுமே தவிர நிற்காது.

எதிர்பாராதது ஒன்று. ஒரே இடத்தில் விடியற்காலை மிகக் குறைவு, பிற்பகலில் செறிவுநிலையையே தாண்டியது (காற்றோடு சமநிலையில் நீரில் கரைந்திருக்கும் அளவு; 30 டிகிரியில் நன்னீருக்கு அது லிட்டருக்குச் சுமார் 7.5 மி.கி.). பாசி பகலில் ஆக்சிஜன் விடுகிறது, இரவில் எடுத்துக்கொள்கிறது. மீன்கள் மூச்சுத் திணறுவது அந்த விடியல் நேரத்தில்தான். ஆகவே எடுத்த நேரத்தைக் குறிக்காத அளவை நான் இனி நம்பமாட்டேன்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் இதைச் செய்ய நினைப்பவர்கள் முதலில் வனத்துறை அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். 2022 முதல் அது ராம்சர் தலம் (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்).