எகிப்து பிரதர்ஹுட்காரங்க துருக்கில டிவி நடத்துனது எப்படி?

கேள்வி (கடற்காகம்):
2013 ஜூலைல எகிப்து ஜனாதிபதி முர்ஸிய ராணுவம் கவுத்ததுக்கு அப்புறம் அவரோட இஸ்லாமிய இயக்கமான முஸ்லிம் பிரதர்ஹுட் ஆளுங்க நிறைய பேர் இஸ்தான்புல் போய் சேனலே ஆரம்பிச்சாங்களாம். இன்னொரு நாட்டுல உக்காந்து சொந்த நாட்டு ஆட்சிய தினமும் திட்டுறத துருக்கி ஏன் விட்டுச்சு, அப்புறம் ஏன் அடக்குச்சு? துருக்கி மக்கள் இத பாத்தாங்களா?

பதில் (ராத்திரிவாசகன்):
துருக்கிக்காரங்களுக்காக நடத்துனதே இல்ல ப்ரோ. மெகமலீன், அல் ஷர்க், வதன்னு அந்த சேனல்கள் எல்லாமே அரபி, அதுவும் எகிப்து பேச்சுவழக்கு. ஸ்டுடியோதான் இஸ்தான்புல்ல, பாக்குறவங்க எகிப்துல வீட்டுக்குள்ள டிஷ் வச்சிருக்கவங்க. மெகமலீன்ல முகமது நாசர், அல் ஷர்க்ல மொஅதஸ் மதர்னு ஒரு ஆள் கேமராவ பாத்து நேரா பேசுற ஷோதான் பெரிய இழுப்பு, ஏன்னா எகிப்து உள்ளூர் டிவில, முர்ஸிய கவுத்துட்டு அப்புறம் ஜனாதிபதியான ராணுவ தளபதி சிசிய எதிர்த்து பேச யாருக்கும் இடமே இல்ல. 2015ல சிசி ஆபீஸ்ல பேசுனதுன்னு சொல்லி ஆடியோவ மெகமலீன் வெளியிட்டுச்சு, வளைகுடாக்காரங்ககிட்ட காசு அரிசி மாதிரி கிடக்குன்னு அதுல வரும், செம பரபரப்பு. ஆனா எல்லாரையும் பிரதர்ஹுட்னு ஒரே கணக்குல போடாதீங்க, அல் ஷர்க் நடத்துன அய்மன் நூர் லிபரல், 2005 தேர்தல்ல அப்போதைய எகிப்து ஜனாதிபதி முபாரக்க எதிர்த்து நின்னவர்.

பதில் (தெற்குவாசல்):
ஏன் விட்டாங்கன்னா துருக்கி தலைவர் எர்துவான் முர்ஸி பக்கம் நின்னாரு, கெய்ரோ ரபா சதுக்கத்துல முர்ஸி ஆதரவாளர்கள் அத்தன பேர கொன்னப்போ அதுக்கு அடையாளமா நாலு விரல் (ரபான்னா அரபில நாலாவது) காட்டி கண்டிச்சவர் அவர். ஆனா 2021ல கெய்ரோவோட சமாதானம் வேணும்னு ஆனதும் சிசி மேல விமர்சனத்த குறைங்கன்னு சேனல்களுக்கு சொல்லிட்டாங்க, மொஅதஸ் மதரோட ஷோ நின்னுச்சு, 2022 ஏப்ரல்ல மெகமலீன் துருக்கிய விட்டு போறோம்னு அறிவிச்சுச்சு, 2024 பிப்ரவரில எர்துவானே கெய்ரோ போயிட்டாரு. இது எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம், ஏன்னா ஊருக்கு திரும்புனா ஜெயில், இருக்குற நாட்டுல வாய திறந்தா விசா என்னாகும்னு பயம். அந்த நிலைமைல இருக்க பத்திரிகையாளன் யார நம்புவான்?

பதில் (மணல்மேடு):
வருத்தம் சரி, ஆனா அந்த சேனல்கள் மேலயும் தப்பு இருக்கு. ஆட்சி இப்ப விழும் அப்ப விழும்னு வருஷக்கணக்கா சொன்னாங்க, முர்ஸி ஆட்சில என்ன தப்பு நடந்துச்சுன்னு உருப்படியா பேசல. 2019 செப்டம்பர்ல ஜனங்க தெருவுக்கு வந்தது ஸ்பெயின்ல இருந்த முகமது அலிங்கிற காண்ட்ராக்டர் போட்ட வீடியோவாலதான், ஸ்டுடியோவும் கிடையாது இயக்கமும் கிடையாது, சேனல்கள் அத எடுத்து திரும்ப திரும்ப போட்டுச்சு அவ்வளவுதான்.

பதில் (ராத்திரிவாசகன்):
மணல்மேடு சொல்றது நியாயம். துருக்கிய மட்டும் சொல்லாதீங்க, கத்தாரும் இதேதான். வளைகுடா நாடுகளோட சமாதானம் பேசுனப்போ 2014 டிசம்பர்ல கத்தார் தன்னோட அல் ஜசீரா டிவியோட எகிப்து சேனலான முபாஷர் மிஸ்ர நிறுத்துச்சு. அதுவே 2017ல சவுதி கூட்டணி 13 கோரிக்கை வச்சு அல் ஜசீராவையே மூடுன்னப்போ முடியவே முடியாதுன்னுச்சு. அல் ஜசீரா அவங்களோட சொந்த பலம், எகிப்து சேனல் பேரத்துல விட்டுக்கொடுக்கக்கூடியது.