ரூட் பிரிஃபரன்ஸ்: 'முன்னுரிமை' வேண்டாம், 'நாட்டம்' எப்படி?

கணினிச் சொற்களுக்குத் தமிழ் தேடும் குழுவினருக்கு வணக்கம்.

'ரூட் பிரிஃபரன்ஸ்' (பல வழி இருக்கும்போது ரவுட்டர் எதை விரும்பி எடுக்கும் என்பது) என்பதைப் 'பாதை முன்னுரிமை' என்று வைத்து இழையை முடித்துவிடலாம் என நேற்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. அந்த உறுத்தல் அகராதி பார்த்து வந்ததல்ல. திருவொற்றியூரில் ஒரு கிடங்கின் சர்வர் அறையில் நின்றபோது வந்தது.

எங்கள் கிடங்கிலிருந்து கிளவுடுக்கு இரண்டு இணைப்புகள். ஒன்று 500 எம்பிபிஎஸ் தனிக் கம்பி (நொடிக்கு மெகாபிட், மருத்துவப் படிப்பு அல்ல, இந்தச் சுருக்கத்துக்கும் ஒரு நாள் வழி பார்க்க வேண்டும்). மற்றது சாதாரண 100 எம்பிபிஎஸ் பிராட்பேண்டின் மேல் ஓடும் விபிஎன் (பொது இணையத்துக்குள் போடும் தனிச் சுரங்கம்). கம்பி விழுந்தால் விபிஎன் தாங்க வேண்டும். இரண்டிலும் பிஜிபி, அதாவது எந்த முகவரிக்கு எந்த வழி என்று ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ளும் நெறிமுறை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தனிக் கம்பி விழுவதும் எழுவதுமாக இருந்தது. ஒரேயடியாக அறுந்திருந்தால் தொல்லையே இல்லை. ஊசலாடியதால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தடம் மாறி, ஒரு பில்கூடப் போட முடியவில்லை. எல்லாவற்றையும் விபிஎன் பக்கம் தள்ள இரண்டு காரியம் செய்தோம். எங்கள் ரவுட்டரில் தனிக் கம்பியின் லோக்கல் பிரிஃபரன்ஸ் (வெளியே போகும் வழிக்கு நாமே தரும் எண், பெரியதே ஜெயிக்கும்) 200. விபிஎன்னுடையதை 100-இலிருந்து 300 ஆக்கினோம். கிளவுடும் விபிஎன் வழியாகவே பதில் அனுப்ப வேண்டுமே என்று, எங்கள் முகவரிகளை அந்த வழியில் /24 துண்டுகளாக நறுக்கி அறிவித்தோம் (சாய்கோட்டுக்குப் பின்னுள்ள எண் பெரிதானால் துண்டு சிறிது). தனிக் கம்பியில் மொத்தமாக ஒரே /16. தண்ணீர் வடிந்தது, கம்பி நிலைத்தது, 300-ஐ மறுபடி 100 ஆக்கினோம். /24 துண்டுகளை எடுக்க மறந்துபோனோம்.

"அப்லோடு பறக்குதுண்ணா, டவுன்லோடு தவழுது" என்று என்னோடு வேலை செய்யும் தம்பி வந்து நின்றான். டிரேஸ்ரூட் (வழியில் கடக்கும் ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் கட்டளை) போட்டால் தனிக் கம்பிதான் தெரிகிறது. அது போகிற வழியைத்தான் காட்டும் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. விபிஎன் வழியை நீளமாகக் காட்ட எங்கள் ஏஎஸ் எண்ணை (பிஜிபியில் ஒவ்வொரு வலையமைப்புக்கும் உள்ள அடையாள எண்) அறிவிப்பில் மூன்று முறை ஒட்டிப் பார்த்தோம். அசையவில்லை. கடைசியில் தம்பிதான் இரண்டு இன்டர்ஃபேஸ் (ரவுட்டரின் இணைப்பு முனை) கணக்கையும் அருகருகே திறந்தான். தனிக் கம்பியில் வெளியே போன பைட் ஏறிக்கொண்டே இருக்கிறது, உள்ளே வந்தது நகரவே இல்லை. விபிஎன்னில் அப்படியே நேர்மாறு. "போவ சொல்ல ஒரு ரோடு, வர சொல்ல வேற ரோடுண்ணா" என்றான்.

காரணம் தெரிந்ததுதான். எந்த முன்னொட்டு (முகவரித் துண்டின் பொதுத் தொடக்கம், சாய்கோட்டு எண்தான் அதன் நீளம்) நீளமோ அந்த வழியே தரவுப் பொட்டலம் போகும். /16-ஐ விட /24 எப்போதும் ஜெயிக்கும். லோக்கல் பிரிஃபரன்ஸ், ஏஎஸ் பாதை நீளம் என்று பிஜிபி (அதன் தர ஆவணம் ஆர்எஃப்சி 4271, 2006) ஒப்பிடுவதெல்லாம் ஒரே முன்னொட்டு இரண்டு வழியில் வந்தால் மட்டுமே. ஒட்டிய மூன்று எண்களை யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விபிஎன்னிலிருந்து /24-களை எடுத்து, இரண்டிலும் /16 என்று வைத்ததும் சரியாகிவிட்டது. முன்னொட்டு ஒன்றாக இருந்தால் அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ் விபிஎன்னை விட்டு, தன் தனிக் கம்பிச் சேவையான டைரக்ட் கனெக்டை எடுக்கும். மைக்ரோசாஃப்டின் அசூரும் அதேபோல் தன் எக்ஸ்பிரஸ்ரூட்டை எடுக்கும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். முன்னுரிமை என்பது ஆம்புலன்சுக்குக் கொடுப்பது. ஊருக்கே ஒரு விதி, எல்லாரும் கட்டுப்பட வேண்டும். தனிக் கம்பிக்கு அப்படி ஓர் உரிமை இருப்பதாக நினைத்துத்தான் நாங்கள் ஏமாந்தோம். பிரிஃபரன்ஸ் தேர்ந்தெடுக்கிறவரின் மனச்சாய்வு. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. காலையில் எண்ணூர் விரைவுச் சாலையில் போகிறவர், சாயங்காலம் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தால் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் திரும்புவார். சாலைக்கு எந்த உரிமையும் இல்லை, அவருக்கு நாட்டம் அப்படி.

ஆகவே என் முன்வைப்பு 'தடநாட்டம்'. லோக்கல் பிரிஃபரன்ஸுக்கு 'உள்நாட்டம்' என்று முதலில் எழுதிப் பார்த்தேன். உள்நாட்டு விமானம் ஞாபகம் வருகிறது. 'அகநாட்டம்' இருக்கட்டும். பழந்தமிழில் நாட்டத்துக்குக் கண் என்றும் பொருள் உண்டு. ரவுட்டருக்கு ரவுட்டர் பார்வை வேறு என்பதற்கு அதுவும் ஒத்துப்போகிறது.

தம்பி சொன்னதிலிருந்து இன்னொன்று. டிராஃபிக்குக்கு நாம் சொல்லும் 'போக்குவரத்து' போக்கையும் வரத்தையும் சேர்த்துக் கட்டிய சொல். அதைப் பிரித்தால் 'போக்குநாட்டம்', 'வரத்துநாட்டம்' இரண்டும் தானாகக் கிடைக்கின்றன. முதலாவது நம் கையில். இரண்டாவது எதிர்முனையின் கையில். அறிவிப்பால் நாம் தூண்டலாம், அவ்வளவுதான். அன்றைக்கே 'வரத்துநாட்டம் எங்கே பார்க்கிறது?' என்று கேட்கச் சொல் இருந்திருந்தால் ஒரு பகல் மிச்சமாகியிருக்கும். போக ஒரு வழி, வர வேறு வழி என்ற ஏசிம்மெட்ரிக் ரூட்டிங்கை 'போக்குவரத்துப் பிரிவு' என்று மட்டும் வைத்துவிடாதீர்கள், காவல் துறை வந்துவிடும். 'தடப்பிரிவு' போதும்.

பேக்கப் இணைப்புக்கு ஒருவர் 'இருப்புப்பாதை' என்றிருந்தார். கையிருப்பு என்ற பொருளில் அழகுதான். ஆனால் 1856-இலேயே ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பிய ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் அதை ஏற்க முடியாது. தண்டவாளம்தான் கண்ணில் வருகிறது. 'காப்பு' ஏற்கெனவே கோப்பு நகலுக்குப் போய்விட்டது. 'மாற்றுத்தடம்' எனக்குச் சம்மதம். எங்கள் ரேக்கில் விபிஎன் ரவுட்டர் மேல் தம்பி 'ஸ்டெப்னி' என்று எழுதி ஒட்டியிருக்கிறான், அதை நான் கிழிக்கவில்லை.

'வரத்துநாட்டம்' சொல்லும்போது நாக்கு இடறுகிறது என்பவர்கள் மாற்றுச் சொல் தாருங்கள். ஃபெயில்ஓவருக்கு (ஒன்று விழுந்தால் மற்றதற்கு மாறுவது) வந்திருக்கும் 'கைமாற்று' பற்றித் தனி இழையில் எழுதுகிறேன். எங்கள் பேட்டையில் அதற்கு வட்டியில்லாக் கடன் என்று பொருள்.