சிமுலேஷனுக்குத் தமிழ்ச் சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மொழிபெயர்ப்பவர்:
அன்பர்களுக்கு வணக்கம். மாணவர் ரோபோப் போட்டியின் விதிநூலைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். போட்டி முழுவதும் இணையவழி. மாணவர்கள் நிரலை மட்டும் அனுப்புவார்கள். நடுவரின் கணினியில் வெபாட்ஸ் என்ற மென்பொருள் அந்த நிரல்படி ரோபோவைத் திரையில் ஓட்டிக்காட்டும். இந்த சிமுலேஷனுக்கு 'உருவகப்படுத்தல்' என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த மாணவி, "இதில் உருவகம் எங்கே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

இலக்கண ஆசிரியை:
சரியாகத்தான் கேட்டிருக்கிறாள். 'மதிமுகம்' உவமை; 'முகமதி' உருவகம். உருவகத்தில் இரண்டுக்கும் வேற்றுமை மறைந்துவிடும். இங்கே அது மறையவே கூடாது. திரையில் நேர்கோட்டில் ஓடிய ரோபோ, உண்மைத் தரையில் ஒரு சக்கரம் வழுக்கியதும் இடப்பக்கம் இழுக்கும். தொல்காப்பியர் உவமத்தை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்தார். சிமுலேஷன் செயலால் ஒப்பது, அதாவது வினையுவமம். எனவே 'ஒப்பியக்கம்', மென்பொருள் 'ஒப்பியக்கி'.

மூத்த உறுப்பினர்:
போலச் செய்வதைக் குறிக்கும் 'பாவனை' இருக்கப் புதுச்சொல் எதற்கு? பாவை என்பது செய்த உருவம். பாவனை அதிலிருந்து பிறந்தது என்பதே என் துணிபு. சீவக சிந்தாமணிக் காப்பியத்தில் அரசி விசயை, மயில் வடிவப் பறக்கும் பொறியை முன்கூட்டியே ஓட்டிப் பழகுகிறாளே, அதுவும் பாவனைதான்.

இலக்கண ஆசிரியை:
ஐயா, அவள் பழகியது உண்மைப் பொறியில். அது பயிற்சி. பாவனையோ 'பாவ' என்ற வடமொழி அடியிலிருந்து வந்தது. பாவையோடு முடிச்சுப் போட இயலாது.

ஈழத்து உறுப்பினர்:
எங்கள் வழக்கில் பாவனை என்றால் பயன்பாடு. நுகர்வோரைப் 'பாவனையாளர்' என்போம். 'பாவனை மென்பொருள்' என்றால் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள் என்றே எங்கள் பிள்ளைகள் எண்ணுவார்கள்.

ரோபோப் பயிற்றுநர்:
வகுப்பில் 'ஒப்பியக்கம்' என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு ரோபோக்கள் ஒரே நேரத்தில் இயங்குவது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். 'போலி இயக்கம்' என்றதும் ஒரு மாணவன் முகம் வாடிவிட்டது. இரவெல்லாம் விழித்து எழுதிய நிரலைப் போலி என்றால் யாருக்குத்தான் வலிக்காது? சிமுலேஷன் என்றே விடுங்கள். மென்பொருள் ஒவ்வொரு 32 மில்லி நொடிக்கும் விசை, உராய்வு, மோதல் எல்லாவற்றையும் கணக்கிட்டு நகர்கிறது என்று விளக்கினால் போதும், புரிந்துகொள்கிறார்கள்.

இலக்கண ஆசிரியை:
விளக்கினால் 'ஒப்பியக்கம்' என்பதும் புரியும். தமிழ்ச் சொல்லுக்கு மட்டும் அந்தப் பொறுமை ஏன் கிடைப்பதில்லை?

மொழிபெயர்ப்பவர்:
'ஒப்பியக்கம்' என்றும் சிமுலேஷன் என்றும் இரு கருத்துகள் இருக்கின்றன. முதல் பக்கத்தில் 'ஒப்பியக்கம் எனப்படும் சிமுலேஷன்' என்றும், பிறகு 'ஒப்பியக்கம்' என்றும் எழுதி இன்றிரவு அனுப்புகிறேன். ஒரு கருவியைப் போலவே இன்னொன்றைச் செயல்பட வைக்கும் எமுலேஷனுக்கும் ஒரு சொல் வேண்டும்.

மூத்த உறுப்பினர்:
அனுப்புங்கள். 'பாவனை'யை நான் விடுவதாக இல்லை. பாவைக்கூத்திலிருந்து தொடங்கி அடுத்த மடலில் விரிவாக எழுதுகிறேன்.