பி.காம் ஒரு வருடம் படித்துவிட்டு மறுபடி முதலாம் ஆண்டில் சேர்ந்தேன்

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து:

பிளஸ் டூ முடித்ததும் கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.காம் சேர்ந்தேன். பேங்க் வேலைக்குப் போகலாம் என்று மாமா சொன்னார், அப்பா சரி என்றார், நானும் மறுத்துப் பேசவில்லை. எங்கள் தோட்டத்துத் தேயிலை விற்ற காசில்தான் பீஸ் கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ் ஏறி, குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டினால் ஜன்னலில் குளிர்காற்று வரும். ஒரு வாரமாக அடைத்திருந்த நெஞ்சு அங்கேதான் லேசாகும். ஞாயிற்றுக்கிழமை கீழே இறங்கும்போது அதே இடத்தில் கண் கலங்கும். வீட்டு ஏக்கம், பழகிவிடும் என்றார் அம்மா. இரண்டாவது செமஸ்டரில்தான் எனக்கே புரிந்தது. ஹாஸ்டல் பழகிவிட்டது, ரூமில் இருந்தவர்கள் நல்ல பிள்ளைகள், படிப்புதான் பழகவே இல்லை. பாஸ் ஆனேன். ஆனால் பரீட்சை முடிந்த மறுநாள் எதுவும் மனதில் நிற்காது.

எங்கள் தோட்டத்துக்குக் காட்டு மாடு வரும். இலை பறிப்பவர்கள் தூரத்திலேயே பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விடுவார்கள். ராத்திரியில் கரடி வரும். இவற்றைப் பார்த்தே வளர்ந்தேன், இதைக் கல்லூரியில் படிக்க முடியும் என்று யாரும் சொன்னதில்லை. ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் விலங்கியலோடு வன உயிரியலும் சொல்லித்தருகிறார்கள் என்பது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. கோத்தகிரியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். இத்தனை பக்கத்தில் இருந்தும் தெரியாமல் போயிற்றே என்று அன்று முழுவதும் மனது ஆறவில்லை.

அப்பாவிடம் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று. அவர் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். "கட்டின பணம் போகட்டும், ஒரு வருஷமும் போயிருமா?" என்று கேட்டார். பாடமே மாறுவதால் நேராக இரண்டாம் ஆண்டில் சேர முடியாது, மறுபடி முதலிலிருந்துதான் என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்போ தினமும் வீட்டுக்கு வந்துருவியா?" என்றார்.

அதற்குப் பிறகுதான் உண்மையான அலைச்சல். பழைய கல்லூரி ஆபீஸில் டி.சி.யும் பிளஸ் டூ மார்க் ஷீட்டும் வேண்டுமானால் மீதி இரண்டு வருட பீஸையும் கட்டச் சொன்னார்கள். அப்பா பயந்துவிட்டார். இதைப் படிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம் என்பதற்காகவே சொல்கிறேன்: 2018 அக்டோபரில் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட அறிவிப்பில், அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது என்றும், படிக்கப்போகிற செமஸ்டருக்கோ ஆண்டுக்கோ உரிய கட்டணத்தை மட்டுமே முன்கூட்டி வாங்கலாம் என்றும் தெளிவாக இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதி, நகலில் சீல் வாங்கிக்கொண்டோம். சண்டை போடவில்லை. பத்தாவது நாள் எல்லாம் கைக்கு வந்தது. அரசுக் கல்லூரிகளுக்கான ஆன்லைன் விண்ணப்பம் பெரும்பாலும் மே மாதத்தில் வரும், சேர்க்கையின்போது டி.சி. கையில் இருக்க வேண்டும். அதனால் ஏப்ரலிலேயே கேட்க ஆரம்பித்துவிடுங்கள்.

ஊட்டிக் கல்லூரி இருப்பது, வெள்ளைக்காரர் காலத்துக் கலெக்டர் ஜான் சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் வளாகத்தில். முதல் நாள் ஒரே பனிமூட்டம், கட்டடமே சரியாகத் தெரியவில்லை. காட்டெருமை என்று எழுதுகிறோமே, அது எருமை இனமே இல்லை, மாட்டு இனம் என்று வகுப்பில் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. எங்கள் பாட்டி வாய்க்கு வாய் சொல்லும் 'காட்டு மாடு'தான் சரியான பெயர்! அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதலில் பாட்டியிடம்தான் சொன்னேன்.

கூடலூரிலிருந்து:

தங்கச்சி சொன்னது பாடம் மாறுகிறவர்களுக்கு. அதே பாடம் என்றால் இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம், நான் அப்படித்தான் வந்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது, கடையைப் பார்க்க ஆள் இல்லை, கோவையில் எனக்கும் மனது ஒட்டவில்லை. ஊர்க் கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் காலி இடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அது இல்லையென்றால் மற்றது எதுவும் நடக்காது. அப்புறம் இரண்டு கல்லூரியின் தடையில்லாச் சான்று, பல்கலைக்கழக அனுமதி.

நான் ஏமாந்த இடம் ஒன்று. இரண்டு கல்லூரியும் பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ்தான், ஒரே சிலபஸ் என்று நினைத்துவிட்டேன். பழையது தன்னாட்சிக் கல்லூரி, அதாவது பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் கல்லூரி, அதனால் அதன் பாடத்திட்டம் வேறு. நான்கு பேப்பர் கூடுதலாக எழுத வேண்டியதாயிற்று. கடையை மூடிவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு மேல் உட்கார்ந்து படித்தேன். மார்க் ஷீட்டோடு சிலபஸையும் கையெழுத்து வாங்கி எடுத்து வந்துவிடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்பார்கள். உன்னைவிட ஒரு வயது சின்னப் பிள்ளைகளோடு உட்காருவது கஷ்டமாக இல்லையா தங்கச்சி?

கோத்தகிரிப் பக்கத்திலிருந்து:

முதல் வாரம் கஷ்டமாகத்தான் இருந்தது அண்ணா. வகுப்பில் எல்லோரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்போது வெளியில் போகும்போது வழியில் காட்டு மாடு நின்றால், எல்லோரும் நின்று என் முகத்தைப் பார்க்கிறார்கள். "அக்கா, போகலாமா?"